பேய்க்கு ஒரு விதி, விதிக்கு ஒரு படம்

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. லூயிஸ் கிராண்டேல் என்ற அந்த மனிதனுக்கு ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் மறையாது. மின்சாரத்தின் வேகம் தணிந்ததும் உருவம் திரும்பிவிடும். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்த தொடர் அது. பத்தாண்டு கழித்துத் தமிழுக்கு வந்து, இன்று ஐம்பது அறுபது வயதில் இருக்கும் பலருடைய பள்ளி விடுமுறைகளை நிரப்பியது.

மறைந்துபோகும் நாயகனை வைத்துப் படக்கதை செய்வது ஓவியருக்குக் கடினமான வேலை. ஆளே தெரியாவிட்டால் கட்டத்துக்குள் எதை வரைவது? வெறும் நாற்காலியையும் திறந்த கதவையும் எத்தனை பக்கத்துக்கு வரைய முடியும்? அந்தரத்தில் மிதக்கும் ஒரு கை இந்தச் சிக்கலை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டது. தொடரை வரைந்த ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவுக்கு அந்தக் கையே நாயகனின் முகமாயிற்று. அது கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும், மின்கம்பியைத் தேடித் துழாவும். எதிரிகளுக்கும் அதுதான் துப்பு. கை தெரிந்துவிட்டால் ஆள் மாட்டிக்கொள்வான் என்ற பதைப்பு வாசிக்கும் சிறுவனுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும்.

அமானுஷ்யக் கதைக்கு விதி வேண்டும் என்பதைக் கதை எழுதக் கற்றுத்தரும் எல்லோரும் சொல்வார்கள். பேய்க்கு எது முடியும், எது முடியாது, எப்போது வரும், எதற்கு அஞ்சும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். படத்தோடு வரும் கதையில் அதற்கு மேலும் ஒரு தேவை இருக்கிறது. மாயாவியின் கையைப் போல, அந்த விதியை வரைய முடிய வேண்டும். 11 முதல் 14 வயது வரையிலான வாசகர்களுக்குப் படங்களோடு ஓர் அமானுஷ்யச் சாகசக் கதை எழுத நினைப்பவர், முதல் வரியை எழுதும் முன்பே தன் விதியை ஒரு வெள்ளைத்தாளில் கிறுக்கலாகவாவது வரைந்து பார்ப்பது நல்லது. வரைய வரவில்லை என்றால் விதியை மாற்றுவது சுலபம். எழுபது பக்கம் எழுதிய பிறகு மாற்றுவது கடினம்.

இந்த வயதுக்காரர்களுக்கு விதி ஏன் இவ்வளவு முக்கியம்? ஆறு வயதுக் குழந்தை பேய் என்றாலே ஒடுங்கிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒடுங்காது, கேள்வி கேட்கும். போன அத்தியாயத்தில் சுவரைத் தாண்டி வந்த பேய் இந்த அத்தியாயத்தில் ஏன் கதவைத் தட்டுகிறது என்று கேட்கும். அந்தக் கேள்விக்குக் கதைக்குள் பதில் இருந்தால் பயம் இரண்டு மடங்காகும், இல்லையென்றால் புத்தகம் கீழே வைக்கப்படும்.

தமிழ் வாசகருக்கு நன்றாகத் தெரிந்த விதி ஒன்று உண்டு. விக்கிரமன் மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு மௌனமாக நடக்க வேண்டும். வழியில் பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டு பக்கமும் அடைத்த வழி. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருக்கும் இந்தச் சட்டகத்தை அம்புலிமாமா என்ற சிறுவர் இதழ் எடுத்துக்கொண்டு, மூலத்தில் உள்ள 25 கதைகளோடு நிற்காமல் புதிது புதிதாகப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே போனது. விதி அத்தனை உறுதியானது. எந்தக் கதையையும் தாங்கியது.

அந்த விதியைப் படமாக்கியவர் ‘சங்கர்’ என்று கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன். 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்த அவருக்கு, மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. உருவிய வாளோடு நடக்கும் அரசன், அவன் தோளில் தொங்கும் பிணம்: இதழைப் பிரித்ததும் கண் போய் விழும் படம் அது. அதில் விதி முழுவதும் இருக்கிறது. அரசன் கையில் வாள் உண்டு, ஆனால் எதிரியைத் தானே சுமந்துகொண்டிருப்பதால் அதைப் பயன்படுத்த முடியாது. எதிரியின் வாய் அவன் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கதையை அறியாத பிள்ளைகூட அந்தப் படத்தைப் பார்த்து, இவன் நிலைமை சிக்கலானது என்று சொல்லிவிடும்.

விதிகளைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. ஊர்ப் பேச்சில் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன. பேய்க்குக் கால் தரையில் பாவாது. இரும்பைக் கண்டால் அண்டாது. புளியமரத்தில் ஆணி அடித்தால் கட்டுப்படும். கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பு நிலத்தில் தீயாய் எரிந்து வழி தவற வைக்கும். இவை எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய விதிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தரை தொடாத பாதம், துருப்பிடித்த ஆணி, தொலைவில் ஒரு தீப்பொட்டு. வாய்மொழியாகக் கதை சொன்னவர்கள் கேட்பவரின் மனக்கண்ணில் ஒட்டுவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அவற்றில் ஒன்றுக்குத் தனி மதிப்பு தர வேண்டும்: உச்சிவேளை. நம் ஊரில் பேய் நள்ளிரவுக்கு மட்டும் உரியதன்று. நடுப்பகலில் கிணற்றடிக்குப் போகாதே, ஒற்றை மரத்தடியில் நிற்காதே என்று பாட்டிமார் அதட்டி வளர்த்த நாடு இது. வெயிலில் வெளுத்த தெருவும் ஆளரவமற்ற வயல்வெளியும் இருட்டைவிடப் பயமூட்டும். ஓவியருக்கும் இது புதிய வாய்ப்பு. மேல்நாட்டுப் பேய்க் கதைகளைப் பார்த்துப் பழகியவர்கள் பக்கத்தைக் கறுப்பால் நிரப்புவார்கள். அச்சகத்தில் அதற்கு வேறொரு விலையும் உண்டு: மெல்லிய மேப்லித்தோ தாளில் பக்கம் முழுக்க மையடித்தால் பின்பக்கத்தில் நிழலாகத் தெரிந்து எழுத்தைக் கெடுக்கும். உச்சிவெயில் கதைக்கு வெள்ளைத்தாளே பின்னணி.

ஒரு விதியைக் கட்டிப் பார்ப்பது

ஒரு மாதிரிக் கதையை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். களம் வேதாரண்யத்து உப்பளம். நாயகி கயல், வயது 13. முழுப் பரீட்சை முடிந்து மாமா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அங்கே மாமா மகன் கதிருக்கு ஏதோ ஆகிவிடுகிறது.

முதலில் இடத்தின் உண்மைகளைத் திரட்ட வேண்டும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. வேதாரண்யத்தில் இது சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் நடுவில் ஒரு முறையும், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறையும் நிகழும். இன்னொரு நுணுக்கம்: இந்தியக் கடிகார நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வேதாரண்யம் அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே அங்கே உண்மையான உச்சி, கடிகாரம் 12 காட்டும்போது வராது. ஏப்ரலில் ஏறக்குறைய 12 மணி 10 நிமிடத்துக்குத்தான் வரும். பன்னிரண்டு அடித்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று பிள்ளைகள் மூச்சுவிடும் அந்தப் பத்து நிமிடம் கதாசிரியருக்குக் கிடைத்த வரம்.

இப்போது விதி. உப்பளத்தில் இருக்கும் ‘அது’ மனிதரின் நிழலை உரித்து எடுக்கும். நிழல் காலடிக்குள் முழுதாக அடங்கும் நேரத்தில் மட்டுமே அதனால் முடியும். எடுத்த நிழலை, அடுத்த நிழலில்லா நாளுக்குள் மீட்காவிட்டால் திரும்பக் கிடைக்காது. மீட்க நினைப்பவர் ‘அதை’ அழைக்கும் ஒவ்வொரு முறையும் தன் நிழலில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும்.

இந்த நான்கு வாக்கியங்களுக்குள் கதை நடக்கத் தேவையானது எல்லாம் இருக்கிறது. ஏப்ரலில் கதிரின் நிழல் போகிறது; ஆகஸ்ட் வரை நாலு மாதத்துச் சொச்சம் கெடு. கயல் கொடுக்கும் விலை படிப்படியாக ஏறுகிறது. ஓவியருக்கு வேலை ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு, ஏனென்றால் வெயிலில் நிற்கும் எல்லாப் பொருளுக்கும் நிழல் உண்டு. உப்பு அம்பாரத்தின் நிழல், வரப்பில் சாத்திய பலகையின் நிழல், சைக்கிளின் நிழல். காலையில் நீண்டு கிடப்பவை பக்கத்துக்குப் பக்கம் சுருங்கி வருவதே கடிகாரம். நேரத்தைச் சொல்லும் வரிகளை எழுத்திலிருந்து தாராளமாக வெட்டிவிடலாம்.

எழுத்துக்கும் படத்துக்கும் வேலை பிரிப்பது இங்கேதான். கயலின் நிழலில் என்ன குறைகிறது என்பதை எழுத்து சொல்லவே கூடாது. நாலாம் அத்தியாயப் படத்தில் அவள் நிழலுக்கு ஒரு கை இல்லை. ஆறாம் அத்தியாயத்தில் சடை இல்லை. எழுத்தில் அவள் அத்தையோடு பேசிக்கொண்டே தண்ணீர் இறைக்கிறாள், அவ்வளவுதான். படத்தில் அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை பக்கத்தில் இருப்பவரை உலுக்கிக் காட்டும். படம் எழுத்தையே திரும்பச் சொன்னால் அது வெறும் அலங்காரம். எழுத்து மறைத்ததைப் படம் வெளியிட்டால் வாசகர் துப்பறிவாளராகிவிடுகிறார்.

பெரியவர்களை என்ன செய்வது என்பது தமிழ்க் கதைகளில் எழும் தனிச் சிக்கல். நம் வீடுகளில் பிள்ளைகள் தனியாக இருப்பது அபூர்வம். அத்தை இருப்பார், தாத்தா இருப்பார், போதாதற்குக் கைபேசி. பெற்றோரைக் கதையின் முதல் பக்கத்திலேயே ஊருக்கு அனுப்பிவிடுவது பழகிப்போன உபாயம். பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும். நல்ல விதி இதையும் சரிசெய்யும். இந்தக் கதையில் பெரியவர்கள் எல்லோரும் கூடவே இருக்கிறார்கள். ஆனால் யாரும் நிழலைப் பார்ப்பதில்லை. நிழல் போனவனை வீட்டார் மெல்ல மெல்ல மறக்கத் தொடங்குகிறார்கள்: அத்தை ஒரு நாள் தட்டு ஒன்று குறைவாக வைக்கிறார், மாமா அவன் பெயரைச் சொல்ல ஒரு கணம் தயங்குகிறார். பதின்மூன்று வயதின் மெய்யான பயம் பேயன்று. தான் ஒருவரின் கண்ணிலும் படாமல் போய்விடுவோமோ என்பதுதான். விதி அந்தப் பயத்தைத் தொட்டால் சாகசம் தானாக ஆழம் பெறும்.

இதற்கு உலக அளவில் சிறந்த எடுத்துக்காட்டு, பேட்ரிக் நெஸ் எழுதி ஜிம் கே ஓவியம் தீட்டிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’. இதன் கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. அவர் புற்றுநோயால் 2007-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தொடக்கத்தையும் பாத்திரங்களையும் வைத்து நெஸ் முழுக் கதையாக்கினார். 2011-இல் வெளிவந்த அந்த நூல், 2012-இல் எழுத்துக்கான கார்னகி பதக்கத்தையும் ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கத்தையும் சேர்த்தே வென்றது. ஒரே புத்தகம் இரண்டையும் பெற்றது அதுவே முதல் முறை.

கானர் என்ற 13 வயதுச் சிறுவனின் தாய்க்கு நோய். இரவு 12 மணி 7 நிமிடத்துக்கு, கல்லறைத் தோட்டத்து யூ மரம் அரக்கனாய் எழுந்து அவனிடம் வருகிறது. விதி கறாரானது: அரக்கன் மூன்று கதைகள் சொல்லும், நான்காவதை அவன் சொல்ல வேண்டும், அது அவன் ஒளித்துவைத்திருக்கும் உண்மையாக இருக்க வேண்டும். வந்துபோன தடயமாக அறையின் தரையில் யூ மரத்து ஊசியிலைகள் கிடக்கும்; பிறகொரு நாள் அதன் பழங்கள்; பிறகு பலகையைத் துளைத்து முளைத்த ஒரு கன்று. எல்லாம் கையால் பொறுக்கக்கூடிய சாட்சிகள். தாய்க்குக் கடைசியாகத் தரும் மருந்தும் யூ மரத்திலிருந்தே வருகிறது. அதில் கற்பனை இல்லை. புற்றுநோய்க்குத் தரப்படும் பாக்ளிடாக்ஸல் யூ மரப் பட்டையிலிருந்து கண்டறியப்பட்ட மருந்துதான். உண்மையான ஒரு மரத்தின் உண்மையான குணத்தின் மேல் அரக்கனை நிறுத்தியிருப்பதால் கதை முழுதும் தடுமாறுவதில்லை.

ஜிம் கே வண்ணத்தைத் தொடவில்லை. கறுப்பு வெள்ளைக் கோடுகளும் தேய்ப்புகளும் பக்க ஓரங்களில் தொடங்கி எழுத்தைச் சுற்றிப் படர்கின்றன. சிறுவன் பெரும்பாலும் தொலைவில், சிறிதாக, நிழலுருவாகவே இருக்கிறான். அவன் முகத்தை வாசகர் தன் மனத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழில் சிறுவர் நூல் செய்வோர் எல்லாப் படத்திலும் முகத்தைப் பெரிதாக, வாய் பிளந்து வரையச் சொல்வதைக் கைவிட இந்த ஒரு நூலைப் புரட்டினால் போதும்.

பக்கம் புரளும் இடம்

தமிழ்ப் புத்தகத்தில் வலப்பக்கம் ஒற்றைப்படை எண், இடப்பக்கம் இரட்டைப்படை. வாசகர் தாளைப் புரட்டியதும் முதலில் பார்ப்பது இடப்பக்கத்தை. அதிர்ச்சி தரும் படம் அங்கேதான் வர வேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால், இடப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் பேய் தெரிந்துவிடும். எழுத்து கட்டிய பதற்றம் வீண். வலப்பக்கத்தின் கடைசி வரி கேள்வியாக, ஒரு சத்தமாக, பாதி திறந்த கதவாக முடியட்டும்.

பிரையன் செல்ஸ்னிக்கின் ‘தி இன்வென்ஷன் ஆஃப் ஹியூகோ கேப்ரே’ (2007) பேய்க்கதை அன்று. ஆனால் பக்கம் புரட்டுவதைக் கற்க அதைவிட நல்ல பாடநூல் இல்லை. ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும் அந்த நாவலில், துரத்தல் காட்சிகள் பல பக்கங்களுக்கு ஓர் எழுத்தும் இல்லாமல் பென்சில் ஓவியங்களாகவே ஓடும். ஒவ்வொரு தாளும் சினிமாவின் ஒரு ஷாட்.

அச்சுக் கணக்கையும் தொடக்கத்திலேயே போட வேண்டும். வழக்கமாக 16 பக்கம் ஒரு ஃபாரம். 128 பக்க நூல் என்றால் 8 ஃபாரம். பணம் குறைவாக இருந்து ஒரு ஃபாரத்தை மட்டும் வண்ணத்தில் அடிப்பதானால், அந்த 16 பக்கங்களும் எங்கே விழும் என்று அச்சகத்தாரிடம் கேட்டு, வண்ணம் அவசியமான காட்சியை அங்கே கொண்டுவர வேண்டும். உப்பளக் கதையில் அது கயல் ‘அதன்’ இருப்பிடத்துக்குள் நுழையும் இடம். இரு பக்கம் விரியும் பெரிய படத்தில் முக்கியமான முகமோ கையோ நடுமடிப்பில் விழுந்தால் தையலுக்குள் மறைந்துபோகும். கட்டைவிரல் அளவுச் சிறு படங்களாக முழு நூலையும் முதலில் ஒரே தாளில் போட்டுப் பார்ப்பது இந்த விபத்துகளைத் தடுக்கும்.

ஓவியரிடம் கதையைக் கொடுக்கும்போது என்ன கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். படத்தில் யார் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதை எழுதுபவர் தீர்மானிக்காமல் இருப்பதே நலம். மாறாக விதியை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதித் தரலாம். உப்பு வாரும் பலகை எப்படி இருக்கும், பாத்திகள் எப்படிப் பிரிந்திருக்கும், வேலை செய்பவர்கள் தலையில் எப்படித் துணி கட்டியிருப்பார்கள் என்பதற்குப் புகைப்படங்கள் தரலாம். பாத்திரங்களை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என வரைந்த ஒரு மாதிரித்தாளை ஓவியரிடம் முதலில் கேட்டு வாங்க வேண்டும். சடை எந்தப் பக்கம் என்பது இந்தக் கதையில் விளையாட்டு விஷயமன்று. திருத்தங்கள் பென்சில் நிலையிலேயே முடியட்டும். தொகை, மறுபதிப்பு, மின்னூல், அசல் ஓவியங்கள் யாரிடம் இருக்கும் என்பவை எழுத்தில் ஒப்பந்தமாக வேண்டும். தமிழ்ப் பதிப்பில் ஓவியரின் பெயர் அட்டையில் இல்லாமல் போவது நெடுநாள் அநீதி; இவ்வகை நூலில் அவர் பாதி ஆசிரியர்.

பயத்தின் அளவு பற்றி ஒரு வார்த்தை. ஆபத்து நெருங்குவதைக் காட்டலாம், காயத்தைக் காட்டத் தேவையில்லை. நீளும் விரல்களை வரையலாம். அவை தொட்ட பிறகு நடப்பதை, பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தில் காட்டினால் போதும்.

தெய்வங்களைக் கையாள்வதில் இன்னும் நிதானம் தேவை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் சுடலைமாடன் பல குடும்பங்களின் குலதெய்வம். முனீஸ்வரனும் காட்டேரியும் அப்படித்தான் பல ஊர்களில். பட்டணத்து எழுத்தாளருக்குப் பேயாகத் தெரிவது, புத்தகத்தைப் படிக்கும் பிள்ளையின் வீட்டில் வருடம்தோறும் கொடை வாங்கும் சாமியாக இருக்கலாம். வில்லன் வேண்டுமானால் புதிதாகப் படைப்பதே முறை. நாட்டார் தெய்வங்களில் பலர் அநியாயமாகக் கொலையுண்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நிழலை உரிக்கும் ‘அதற்கும்’ ஒரு வழக்கு இருக்கலாம்; யாரோ அதன் நிழலை முதலில் பறித்திருக்கலாம். இறுதி மோதலில் அடித்து வீழ்த்துவதைவிட அந்த வழக்கைக் கேட்பது கயலுக்குப் பெரிய சாகசம்.

கைப்பிரதியும் பென்சில் படங்களும் தயாரானதும் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிலருக்குப் படங்களை மட்டும், எழுத்தில்லாமல். பேய்க்கு எது முடியும், எது முடியாது என்று அவர்களையே சொல்லச் சொல்லலாம். படத்தைப் பார்த்தே பாதி விதியை அவர்கள் சொல்லிவிட்டால் வேலை சரியான வழியில் போகிறது. மற்றவர்களுக்கு இரண்டும் சேர்ந்த பிரதி. அவர்களிடம் பிடித்ததா என்று கேட்பதில் பயனில்லை, மரியாதைக்குப் பிடித்தது என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் பின்னோக்கிப் புரட்டி முந்தைய படத்தைத் தேடுகிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும். அந்தப் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு போய், ஓவியரோடு உட்கார்ந்து, அவர்கள் தேடியது அந்தப் படத்தில் இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கலாம்.